ஒரு கையில் மூன்று பட்டை

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அன்பு, மரியாதை எல்லாம் பின்னால் மெதுவாக வரும். நல்ல மனுஷிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு உருக வரவில்லை. இன்றைக்கு அவரைத் தெருவில் பார்த்தால்கூடத் தோளைப் பிடித்து உலுக்கி, “உங்களை யார் கேட்டார்கள்?” என்று கத்துவேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தோளை உலுக்கவும் முடியாது. அவருடைய வலது கை காதுக்கு மேல் எழும்பாது.

பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் ஒருத்தியின் பெயர் ஒரு கேட்டில் கெட்டால், அடுத்த கேட்டுக்கு அவள் போவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறாரோ, அங்கேயும் போய் நான் வினையாக வேண்டாம். லைனில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் பிசியோதெரபி படித்தவள். ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னால், சரியான வேலை கிடைக்காமல் இருந்தபோது, ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்குத் தோள்வலியும் கழுத்துவலியும் ஏன் வருகின்றன என்று பார்ப்பது அந்தத் திட்டம். அதற்காக மணிக்கட்டில் ஒரு சென்சார் கட்டுவோம். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். ரப்பர் பட்டையில் பொருத்திக் கட்டிவிட்டால் கை எப்போது மேலே போகிறது, எத்தனை முறை தட்டுகிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் நொடிக்கு நொடி எழுதிக்கொள்ளும்.

முதல் நாள் காட்பாடியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் பஸ்களில் உள்ள வழக்கம்தான். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஜன்னலோரம் ஒரு சின்ன உருவத்தின் மடியில் ஏழு பை இருந்தன. ஏழையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேல் பைக்கு மேலாகக் கண் மட்டும் தெரிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அத்த இங்க குடும்மா,” என்றார் என்னைப் பார்த்து.

என் கையில் பன்னிரண்டு சென்சாரும் இருந்த பெட்டி. “வேண்டாங்க, விலை ஜாஸ்தி,” என்றேன்.

“குடு. நான் இன்னா துண்ணுடுவனா?”

கொடுத்தேன். எட்டாவதாக அதுவும் ஏறியது. இறங்கும்போது அவருக்குக் கால் மரத்துப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். நானும் போனேன்.

அவருக்கு வேலை மடிப்பு மேஜையில். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை உள்ளே மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்ட வைக்க வேண்டும். துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். மணிக்கு இத்தனை கட்டு என்று இலக்கு உண்டு. ஒரு மேஜைக்கு ஆறு பேர். எல்லாருக்கும் நீல ஓவர்கோட்டு. அக்காவின் கோட்டு அவருக்கு ஒரு சைஸ் பெரிது, கை விரல் வரை வந்து விழும். அதை மடித்துவிட்டுக்கொண்டு, நகம் பசையில் கறுத்துப்போன கட்டைவிரலால் ஓரம் மடிப்பார். பார்த்தால் வேலை செய்வது மாதிரியே இருக்காது, அவ்வளவு சரளம்.

பட்டை கட்டுவதற்கு முந்தைய மாதங்களில் அவ்வப்போது மேஜைப் பக்கம் போய்க் குறிப்பெடுத்தபோது, தன் கட்டு முடிந்ததும் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கண் பக்கத்து ஆளின் கட்டுக்குப் போகும். “இங்க குடு ரெண்டு.” ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருக்கும் பெண்களுக்கு மூன்று மணிக்கு மேல் கண் இருட்டும். அப்போது அவர்களுடைய கட்டில் பாதி அக்காவிடம் இருக்கும். மாதவிலக்கு வலியில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்தால், அவள் வாய் திறக்கும் முன்னே கட்டு இடம் மாறியிருக்கும். “எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ போய் மூஞ்சி கழுவினு வா.”

பழியையும் அப்படித்தான் வாங்குவார். துண்டில் பசைக் கறை என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே, “நான்தான் சார்,” என்பார். ஒரு நாள் சூப்பர்வைசரே நின்றுவிட்டார்.

“இது நேத்து ஓடின கட்டு. நேத்து நீ லீவுமா.”

“அப்போ முந்தாநேத்தே பண்ணிருப்பேன் சார்.”

மேஜையே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் எரிகிறது. ஒரு ஆள் முடியாமல் போனால் இன்னொரு ஆளைப் போட வேண்டியது கம்பெனி. அக்கா இருந்ததால் அந்த மேஜைக்கு மாற்று ஆளே வந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அவர் தாங்கியதெல்லாம் யாருக்கு லாபம் என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசிக்கவும் நேரமில்லை, கை எப்போதும் வேலையாக இருந்தது.

தோளைப் பரிசோதித்தது நான்தான். கையைத் தூக்கச் சொன்னேன். காது வரை போய் நின்றுவிட்டது.

“எத்தனை நாளா இப்படி?”

“பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் மேடம்.”

“பொய் சொல்லாதீங்க.”

“எழுதிக்கோ பாப்பா, ஒரு பொய்தானே,” என்று சிரித்தார். தலை பின்னிக்கொள்வதைப் பற்றிக் கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பெண் வந்து பின்னிவிடுகிறாள் என்று மெதுவாகச் சொன்னார். தனக்கு ஒருத்தர் செய்கிறார் என்று சொல்வதில் அவருக்கு அவ்வளவு கூச்சம்.

பட்டை கட்டுவதற்கு முன்பு, ஆய்வுக்குச் சேர்ந்த பன்னிரண்டு பேரையும் கேண்டீனில் உட்காரவைத்து எங்கள் பேராசிரியர் பேசினார். இதே சென்சாரை முன்பு பேரணாம்பட்டுப் பக்கம் கறவை மாடுகளுக்குக் கழுத்திலும் காலிலும் கட்டியிருக்கிறோம், மாடு நொண்டப் போவதை மாட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். அக்கா கை தூக்கினார், காது வரை.

“சார், அந்த மாடு நொண்டுதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னா பண்ணீங்க?”

“சொன்னோம்மா. நாலு நாள் மேய விடாம நிறுத்தி வெச்சு மருந்து போட்டாரு. சரியாப் போச்சு.”

“நல்லா கீது சார். அப்போ எங்களையும் நாலு நாள் நிறுத்தி வெப்பீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் அதைவிடச் சத்தமாகச் சிரித்து, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனதை நானும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண்களுக்கு எங்கள் பட்டைமேல் நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து ஒவ்வொரு மேஜைப் பக்கமும் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். மறுமாதமே மணிக்கு ஒரு கட்டு ஏறியது. கை மெதுவான இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். இது வலியைப் பார்க்க மட்டும், தனித்தனி ஆள் கணக்கு கம்பெனிக்குப் போகாது, இடையில் ஓய்வும் முதுகு சாய நாற்காலியும் கேட்பதற்குத்தான் இந்த ஆய்வு என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. பட்டைக்குத் தாயத்து என்று பெயர் வைத்தார்கள். “எங்க வூட்ல ஏற்கெனவே ஒண்ணு கட்டி வுட்டுருக்காங்க, இது வேறயா?” என்றாள் அக்காவின் மேஜையில் இருந்த ஷாஹிதா. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் பக்கத்தில் செல்வி. செல்விக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

நான்காம் நாளிலிருந்து என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காலையில் நான் பட்டை கட்டிவிட்டுப் போனதும், ஷாஹிதாவும் செல்வியும் ஒருவர் பின் ஒருவராகப் பாத்ரூமுக்குப் போனார்கள். அங்கே அக்கா நின்றிருந்தார். “இங்க குடுங்க ரெண்டையும்.” கழற்றி வாங்கி, தன் பட்டைக்கு மேலே வரிசையாகக் கட்டிக்கொண்டு, கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூன்று பட்டையும் அந்தப் பெரிய கோட்டுக்குள் மறைந்துவிட்டன. மாலையில் நான் கழற்ற வருவதற்கு முன்பு அதே பாத்ரூமில் பட்டைகள் திரும்பப் போயின. கை மெதுவாக ஆடுகிறது என்று அந்தப் பெட்டி சொன்னால் ஷாஹிதாவையும் செல்வியையும் நிறுத்திவிடுவார்கள். தன் கை வேகமாக ஆடும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அந்த மேஜையைச் சுற்றி இருந்த யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இது நடக்க முடியாதபடி ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு நான். காலை பதினொரு மணிக்கும் மதியம் இரண்டரைக்கும் நான் ஒவ்வொரு மேஜையாகப் போய், அவரவர் பட்டை அவரவர் கையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, தாளில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதல் இரண்டு நாள் போனேன். பசை நெடியில் தலை வெடித்தது. மூன்றாம் நாளிலிருந்து ஷூ மாதிரிகள் வைக்கும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு டிக்கை வரிசையாகப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மூன்று வாரம். ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை. பத்து மணி நேரம் அந்த நெடியிலேயே உட்கார்ந்திருந்தவர்களுடைய வலியை ஆராய வந்தவள் நான்.

மூன்று வாரம் முடிந்ததும் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். கம்பெனியின் உற்பத்தி மேலாளர் கேட்டார் என்று, ஆள்வாரிக் கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். தர மாட்டோம் என்று நான் படித்துக் காட்டிய அதே கணக்கு. “அனுமதி கொடுத்தவங்கம்மா, ஒரு மரியாதை வேணாமா?” என்றார் என்னிடம். பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியது யாருடைய மரியாதைக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். திங்கட்கிழமையிலிருந்து மடிப்பு மேஜைகளுக்கு மணிக்கு ஒரு கட்டு கூடுதல். பெண்கள் கேட்டிருந்த பத்து நிமிஷ ஓய்வும் சாய்வு நாற்காலியும் இப்போதைக்குத் தேவையில்லை, ஆய்வில் களைப்பு எதுவும் தெரியவில்லை. மேலாளர் பேராசிரியரிடம் சந்தோஷமாகச் சொன்னாராம், ஏழு மாசக் கர்ப்பிணியின் கைகூட மற்றவர்களுக்குச் சமமாக ஓடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று.

அன்று பஸ்ஸில் யாரும் என்னிடம் பேசவில்லை. ஷாஹிதா இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வந்தது அன்றுதான். ஷாஹிதா வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு தட்டிவிட்டு நிமிர்ந்து மூச்சு வாங்குவாள். அவள் கை எப்படி எல்லாருக்கும் சமமாக ஓடும்? கல்லூரிக்குப் போய் அவளுடைய பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தியல் தட்டும்போதெல்லாம் கோடு குத்தாக எழும்பும். பக்கத்தில் செல்வியின் பதிவை வைத்தேன். அதுவும் அதே நொடியில் எழும்பியது. அக்காவுடையதை வைத்தேன். மூன்றும் ஒன்றாகத் தட்டின, ஒன்றாக நின்றன, ஒன்றாகத் தண்ணீர் குடித்தன. பத்தேமுக்காலுக்கு ஒரு கை மேலே போனது. மூன்று கையும் மேலே போயின. காது வரை போய் நின்றுவிட்டு மூன்றும் இறங்கின.

மறுநாள் மதியம் கேண்டீனில் அவரைப் பிடித்தேன்.

“அக்கா, மூணு பட்டையும் நீங்கதான கட்டியிருந்தீங்க?”

“ஆமா.” கொஞ்சமும் தயங்கவில்லை. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பதிவுல தெரியுது. ஏன்கா இப்படிப் பண்ணீங்க?”

“பின்ன இன்னா பண்றது? அது வயித்த வெச்சிக்கினு உக்காந்தா எந்திரிக்க முடியல. இவ கை புஸ்ஸுனு ஊதிக் கெடக்குது. மெதுவா ஆடுதுன்னு உங்க பொட்டி போய்ச் சொல்லிச்சின்னா தூக்கிட மாட்டாங்க?”

“அது மெதுவா ஆடுறது தெரியத்தான்கா கட்டினோம்! கஷ்டப்படுறாங்கன்னு தெரிஞ்சாத்தான ரெஸ்ட் கேக்க முடியும்? இப்போ ஷாஹிதா கை ஓடுற மாதிரி காட்டி, அத்த வெச்சுத்தான் ஒரு கட்டு ஏத்திட்டாங்க.”

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேஜை மேஜையாகப் பார்க்காமல் டிக் போட்டவள் நான் என்பது அப்போது எனக்கு வசதியாக மறந்திருந்தது.

“அப்போ அந்த ஒரு கட்டு,” என்றார், “என் கைதான் ஏத்திச்சா?”

“ஆமா.”

அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டப்பாவை மூடினார். தூரத்தில் ஷாஹிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தார்.

“வா, இப்பவே மேனேஜராண்ட போய்ச் சொல்லிடலாம். நான்தான் கட்டிக்கினேன், இது அவளுங்க கை இல்லன்னு சொல்லிட்டா எடுத்துடுவாங்கல்ல?”

“இருங்க. எங்க சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

பேராசிரியர் முழுக்கக் கேட்டார். பிறகு என் டிக் தாள்களை எடுத்து மேஜையில் போட்டார். “இது பொய்யா?” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்போ வாய மூடிக்கிட்டு இரு. இது வெளிய போனா உன் பேரும் போகும், திட்டமும் போகும். உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?” ஞாபகம் இருந்தது. வேறு எதுவுமே ஞாபகத்தில் இல்லாத அளவுக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அக்கா காத்திருக்கவில்லை. மறுநாள் காலை, ஒரு கட்டை முடித்துவிட்டு எழுந்து, தானே மேலாளர் அறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மேலாளர் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அக்கா நின்றுகொண்டிருந்தார். சுவர் ஓரம் வரிசையாகப் பளபளவென்று ஒற்றை ஒற்றை ஷூக்கள் இருந்தன.

“இந்தம்மா ஒரு கதை சொல்லுது மேடம். மூணு வாரமா மூணு பேர் பட்டையையும் தானே கட்டிக்கிட்டு இருந்துச்சாம். ஆனா உங்க சார் அனுப்பி வெச்ச தாள்ல தினம் ரெண்டு வாட்டி நீங்க கையத் தொட்டுப் பாத்ததா டிக் இருக்கு. கையெழுத்து இருக்கு. இந்தம்மா சொல்றது நெஜம்னா உங்க தாள் பொய். எது பொய்?”

பதிவுகள் எல்லாம் இருந்த டேப்லெட் என் மடியில் இருந்தது. திறந்து அந்த மூன்று கோடுகளையும் காட்டினால் போதும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை மூன்றும் ஒரே கைதான் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். திங்கட்கிழமை ஏறப்போகிற கட்டு ஏறாமல் நின்றிருக்கும். நான் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் கத்தும்போது மேஜையில் இருக்கும் பெண்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. நான் ஏன் பயப்படுகிறேன் என்றுகூட அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது.

“மேடம் மேல தப்பு இல்ல சார்,” என்றார். “அவங்க கரெக்டா ரெண்டு வாட்டியும் வந்து பாத்துட்டுத்தான் போனாங்க. ரெண்டரைக்குப் பாத்துட்டு அவங்க அந்தாண்ட போனப்புறம்தான் நான் வாங்கிக் கட்டிக்குவேன். அவங்களுக்குத் தெரியாது.”

மேலாளர் தலையாட்டிக்கொண்டு எதையோ எழுதினார். பிறகு பேனாவை வைத்தார்.

“அப்போ ரெண்டரை வரைக்கும் பதிவானது அவங்கவங்க கைதான். அதுலயும் ஷாஹிதா கை நல்லாத்தான் ஓடியிருக்கு. அத்த வெச்சே இலக்கு சரியாத்தான் வருது.”

“இல்ல சார்!” அக்காவின் குரல் உயர்ந்தது. “காலைலேர்ந்தே...”

நின்றுவிட்டார். அதற்கு மேல் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும். மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். இந்த முறை அது வேறு பார்வை. சொல், நீ சொல் என்று கேட்கிற பார்வை.

“ரெண்டரை வரைக்கும் ரீடிங் சரிதானே மேடம்?” என்றார் மேலாளர்.

“சரிதான் சார்,” என்றேன்.

அவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆய்வுக் கருவியில் மோசடி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை கட்டு ஏறியது. ஷாஹிதா எட்டு நாள் பார்த்தாள், முடியவில்லை, நின்றுவிட்டாள். செல்வி கையில் துணி சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். என் ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினார்கள். பேராசிரியர் கொடுத்த சான்றிதழில், தரவு சேகரிப்பில் நுணுக்கமானவர் என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டித்தான் இப்போதைய வேலையில் சேர்ந்தேன். அந்த ஆய்வின் அறிக்கையை எழுதியவர்களுக்கோ வாங்கியவர்களுக்கோ ஒரு கீறல்கூட விழவில்லை.

அவரை நிறுத்திய அன்று நான் கேட் வரை அவர் பின்னால் ஓடினேன். செக்யூரிட்டி அவருடைய கோட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கோட்டு இல்லாமல் அவர் இன்னும் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்கக்கா. எனக்கு வேற வழி தெரியல. பயந்துட்டேன். என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற மனுஷி. இதையும் வாங்கிக்கொள்வார் என்று நம்பித்தான் ஓடினேன்.

“என்கிட்ட சொல்லாதே,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “எனக்கு நீ ஒண்ணும் பண்ணல. டேபிள்ல ஷாஹிதா உக்காந்துனு கீறா. அவகிட்ட போய்ச் சொல்லு.”

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி, வாணியம்பாடி போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கேட்டிலிருந்து மடிப்பு மேஜைக்கு இரண்டு நிமிஷ நடைதான். தலைவலி என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் காட்பாடிக்கு ரயில் ஏறினேன்.